வன்னி வீதிகளில் ஜிபிஎஸ்: வாசகர் கேள்வி பதில்

காரில் ஒட்டிவைக்கும் ஜிபிஎஸ் வழிகாட்டி பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்து கொடுத்த பழைய கருவிகள் பற்றியவைதான் இவற்றில் அதிகம். வன்னியில் கைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களுக்கு ஓடுபவர்களுக்கு அந்தப் பழைய கருவி இன்றைக்கும் உதவும். அதை இங்கத்தைய வீதிக்கு ஏற்றபடி தயார்செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணா கனடாவில் பாவித்த கார்மின் நூவி என்ற ஜிபிஎஸ் கருவியைத் தந்துவிட்டுப் போனார். இங்கே போட்டால் வெறும் திரையில் கார்ப் படம் மட்டும் நிற்கிறது, வீதி ஒன்றையும் காணவில்லை. பழுதா?
(கிளிநொச்சி வாசகர்)

பழுதில்லை. கார்ப் படம் தெரிகிறதென்றால் கருவி செய்மதிகளைப் பிடித்துத் தன் இடத்தை அறிந்துவிட்டது. அதற்குள் இருப்பது வட அமெரிக்க வீதி வரைபடம், இலங்கைப் படம் இல்லை. இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அந்த இடத்தில் வீதியைக் காட்டுவது வேறு வேலை என்பதை மனதில் வைத்திருங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கும் அதுதான் அடிப்படை.

பொதுமக்களே வரைந்து திருத்தும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மாப்பின் தரவை வைத்துக் கார்மினுக்கென்றே ஆக்கிய இலங்கைப் படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கும்போது வழி கணிக்கக்கூடிய படமா என்று பாருங்கள். நடைப்பயணத்துக்கென ஆக்கிய சில படங்களில் வீதி தெரியும், வழி சொல்லாது. பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ள படத்தையே எடுங்கள். பழைய நூவிகளில் தமிழ் எழுத்து வெற்றுக் கட்டமாகத்தான் வரும்.

கருவியின் பக்கவாட்டில் மெமரி கார்ட் துளை இருக்கும். சில மொடல்களுக்குப் பெரிய எஸ்டி, சிலவற்றுக்கு மைக்ரோ எஸ்டி. இலங்கைப் படம் சிறியது, 4 அல்லது 8 ஜிபி கார்ட் தாராளம். கார்ட்டைக் கணினியில் ஃபாற்32 முறையில் ஃபோர்மற் செய்து, அதில் கார்மின் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட போல்டர் ஒன்றைத் திறந்து, படக்கோப்பை அதற்குள் போடுங்கள். பழைய மொடல்கள் ஒரேயொரு கோப்புப் பெயரைத்தான் தேடும்: ஜி, எம், ஏ, பி, எஸ், யூ, பி, பி என்ற எட்டு எழுத்துகள், பிறகு புள்ளி, பிறகு ஐஎம்ஜி. வின்டோஸ் பின்னொட்டை மறைத்துக் காட்டுவதால் பலர் ஐஎம்ஜி என்பதை இரண்டு தரம் போட்டுவிடுகிறார்கள். சிலர் இறக்கிய சிப் கோப்பை (சுருக்கிக் கட்டிய கோப்பு) விரிக்காமலே போடுகிறார்கள். படம் வரவில்லை என்றால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

கார்ட்டைச் செருகிக் கருவியை இயக்கி, செட்டிங்ஸில் மாப் பகுதிக்குள் புதிய படத்துக்குச் சரி அடையாளம் இடுங்கள். பிறகு கிளிநொச்சியிலிருந்து மாங்குளத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். ஏ-9 வழியே கோடு விழுந்தால் வேலை முடிந்தது. மைலைக் கிலோமீற்றராகவும் நேர வலயத்தை இலங்கைக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கருவியின் உள்நினைவகத்தில் ஜி, எம், ஏ, பி, பி, ஆர், ஓ, எம் என்ற பெயரில் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அது வந்தபோதே இருந்த படம். நினைவகத்தில் இடம் போதாது என்று அதை அழிக்க வேண்டாம். உள்நினைவகத்தில் எதைத் தொடுவதற்கு முன்பும் முழுவதையும் கணினியில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். டொம்டொம் என்ற வேறு நிறுவனக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி சரிவராது, அது தன் நிறுவனப் படத்தை மட்டுமே ஏற்கும்.

வழியைச் சுருக்குகிறேன் என்று தார் வீதியால் போன காரைக் காட்டுப் பாதைக்குள் திருப்பிவிட்டது. மழைச் சேற்றில் புதைந்து, உழவு இயந்திரம் பிடித்து இழுக்க வேண்டி வந்தது. மண்பாதையைத் தவிர் என்று போட்டும் இப்படி ஏன்?
(ஒட்டுசுட்டான் வாசகர்)

இது தனியொருவருடைய கேள்வி இல்லை. நெடுங்கேணி, துணுக்காய், முழங்காவில் பக்கங்களிலிருந்தும் இதையே கேட்டிருக்கிறார்கள். ஆகவே விரிவாகச் சொல்கிறோம்.

திறந்தவெளியில் உங்கள் இடத்தைக் கருவி சில மீற்றர் பிசகோடு சரியாகவே சொல்லும். வீதியின் தரத்தை அது கண்ணால் பார்ப்பதில்லை, படத்தில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறது. வன்னியின் பல பாதைகளைச் செய்மதிப் படத்தின் மேல் கோடு இழுத்தே வரைந்திருக்கிறார்கள். மேலிருந்து பார்க்கக் கிறவல் வீதியும், குளக்கட்டுப் பாதையும், விறகு ஏற்றும் உழவு இயந்திரத் தடமும் ஒரேமாதிரி ஒரு வெளிர்கோடுதான். வரைந்தவர் அதைச் சாதாரண வீதி என்று குறித்து, மேற்பரப்பு என்ன என்று எழுதாமல் விட்டிருந்தால், கருவி அதைத் தார் வீதியாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் போட்ட தவிர்ப்பு அந்த இடத்தில் வேலை செய்யாது. மண்பாதை என்று எழுதியிருந்தால்தானே அது தவிர்க்கும்?

இரண்டாவது காரணம், வழி கணிக்கும் முறை. செட்டிங்ஸில் நேரம் குறைந்த வழி, தூரம் குறைந்த வழி என்று இரண்டு உண்டு. தூரம் குறைந்தது என்று இருந்தால் 200 மீற்றர் மிச்சம் பிடிக்க 8 கி.மீ. காட்டுக்குள் இறக்கும். வன்னிக்கு எப்போதும் நேரம் குறைந்த வழிதான். அதோடு மண்பாதைத் தவிர்ப்பையும் போட்டுவையுங்கள். இரண்டும் சேர்ந்தால் தவறு குறையும், முற்றாக நிற்காது.

அதனால் புறப்பட முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வழி கணித்ததும் உடனே ஓடத் தொடங்காமல் முழு வழியையும் திரையில் சுருக்கிப் பாருங்கள். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போவதென்றால் ஏ-9 வழியே மாங்குளம் போய் அங்கிருந்து ஏ-34 எடுப்பது ஒன்று, புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வழியாகப் போவது மற்றொன்று. கோடு இந்த இரண்டிலும் சேராமல் நடுக்காட்டை வெட்டிக்கொண்டு போனால் நம்பாதீர்கள். மாங்குளத்தை இடைநிறுத்தமாகச் சேர்த்தால் கோடு பெருவீதிக்குத் திரும்பும். தூரமும் ஒரு சாட்சி: மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கி.மீ. அதைவிட நன்றாகக் குறைத்துக் காட்டினால் எங்கோ ஒரு காட்டுப் பாதை ஒளிந்திருக்கிறது.

ஓடும்போது காப்பெற் வீதியிலிருந்து கிறவலுக்குத் திருப்பச் சொன்னால் நேரே போங்கள். கருவி தானாகவே புதுவழி கணிக்கும். அடுத்த திருப்பத்திலும் உள்ளே இழுத்தால் அதையும் விட்டுப் போங்கள். பெருவீதியில் தூரம் கூடக்கூட அதன் கணக்கு மாறிவிடும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. முகமாலை தொடங்கி வன்னியின் பல பகுதிகளில் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்திருக்கிறது. படத்தில் ஒரு பாதை இருப்பதற்கும் அந்தப் பாதையோரம் துப்புரவானது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, நாடா, நிறம் பூசிய தடி எதைக் கண்டாலும் நில்லுங்கள். காரைத் திருப்புவதற்காகப் புல்லுக்குள்ளோ பற்றைக்குள்ளோ சில்லை இறக்காதீர்கள். வந்த ரயர்த் தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். பலகை விழுந்தோ, பற்றை மூடியோ போயிருக்கலாம். ஆகவே ஆள் நடமாட்டமில்லாத பாதையில் பலகை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

மாரியில் இன்னொன்று. குளம் வான் பாய்வது, மதகு உடைந்தது, வீதி மூடியது எதுவும் கருவிக்குத் தெரியாது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் நந்திக்கடல் வாயிலுள்ள வட்டுவாகல் பாலம் தாழ்ந்தது. பெருமழையில் தண்ணீர் மேவினாலும் கருவி அதன் மேலால்தான் அனுப்பும். ஐப்பசி முதல் தை வரை உள்வீதிகளுக்குப் போகிறவர்கள் அந்த ஊரில் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.

படத்தைத் திருத்த உங்களாலும் முடியும். அன்ட்ரொய்ட் போனில் ஸ்ட்ரீட்கொம்ப்ளீற் என்ற செயலியைப் போட்டால், நீங்கள் நிற்கும் வீதி தாரா, கிறவலா, மண்ணா என்று கேட்கும். பதிலைத் தட்டினால் அது ஓப்பன்ஸ்ட்ரீட்மாப்பில் சேரும். அடுத்து ஆக்கப்படும் கார்மின் படத்தில் அந்தப் பாதை மண்பாதையாகவே வரும், தவிர்ப்பும் அங்கே வேலை செய்யும். உங்கள் ஊரின் பத்து ஒழுங்கைகளுக்கு இதை நீங்கள் செய்தால் அந்த ஊருக்கு இரவில் வரும் அம்புலன்ஸ் சாரதிக்கும் அது உதவும். தயவுசெய்து செய்யுங்கள்.

பெட்டிக்குள் கிடந்ததை எடுத்துப் போட்டால் செய்மதி தேடுகிறது என்றே நிற்கிறது. அரைமணி நேரம் ஓடியும் பிடிக்கவில்லை.
(மல்லாவி வாசகர்)

ஓடாமல் நின்று பிடிக்க விடுங்கள். ஒவ்வொரு செய்மதியும் தான் எங்கே நிற்கிறது என்ற விவரத்தை 30 செக்கனுக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி அனுப்பும். இடம் கணிக்கக் குறைந்தது நான்கு செய்மதிகளின் விவரம் இடையில் அறுபடாமல் வேண்டும். பாலை, வீரை மரங்களின் கீழ் ஓடும்போது சிக்னல் நடுவில் அறுந்தால் அந்த விவரத்துக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஓட ஓடப் பிடிபடாது. இந்த விவரம் சுமார் நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும். காலையில் பாவித்த கருவி மத்தியானம் உடனே பிடிப்பதும், அடுத்த நாள் கொஞ்சம் சுணங்குவதும் அதனால்தான்.

நெடுநாள் கிடந்தது, அல்லது வேறு நாட்டிலிருந்து வந்தது என்றால் எல்லாச் செய்மதிகளுக்குமான பொது அட்டவணையும் பழசாகியிருக்கும். அதை முழுதாக வாங்க 12.5 நிமிடம் எடுக்கும். வயல்வெளி ஓரம் காரை நிறுத்தி, கருவியைப் பொனற்றின் மேல் வைத்து 20 நிமிடம் விடுங்கள். முதல் முறைக்கு மட்டும்தான் இந்தப் பாடு.

வெளியே பிடித்து, காருக்குள் வந்ததும் விடுகிறதா? முன்கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள வெயில் ஃபிலிம் ஒட்டியிருக்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் மலிவு டாஷ்காம் (வீதியைப் பதிவுசெய்யும் கமரா) இருக்கும். அதன் மின்னணு இரைச்சல் ஜிபிஎஸ் அலைவரிசையை மூடிவிடும். டாஷ்காம் வயரைக் கழற்றி இரண்டு நிமிடம் பாருங்கள், பிடித்தால் விடை கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரு முழம் தள்ளி வையுங்கள், அதன் சார்ஜரையும் நல்லதாக மாற்றுங்கள்.

சாதாரண யூஎஸ்பி வயரால் காரில் சார்ஜ் போட்டால் கணினிப் படம் வந்து அப்படியே நிற்கிறது.
(புதுக்குடியிருப்பு வாசகர்)

நூவியோடு வந்த கார் வயரின் மினி யூஎஸ்பி முனைக்குள், ஐந்து ஊசிகளில் நான்காவதோடு ஒரு சிறு மின்தடை (ரெசிஸ்டர்) இணைத்திருப்பார்கள். அதைக் கண்டால்தான் கருவி இது வெறும் மின்சாரம் என்று அறியும். சாதாரண டேட்டா வயரில் அது இல்லாததால் கணினியோடு இணைத்ததாக எடுத்துக்கொள்கிறது. வயர் வாங்கும்போது கார்மினுக்கான கார் சார்ஜ் வயர் என்று கேட்டு வாங்குங்கள். கணினிக்கு டேட்டா வயர், காருக்குக் கார் வயர்.

லொறியில் போட்டதும் சார்ஜர் கருகிவிட்டது.
(மாங்குளம் வாசகர்)

லொறி, பஸ் பலவற்றிலும் 24 வோல்ற். என்ஜின் ஓடும்போது 28 வரை ஏறும். காருக்கான 12 வோல்ற் சார்ஜர் அதைத் தாங்காது. 12–24 என்று அச்சிட்டது வாங்குங்கள். வெளிவருவது 5 வோல்ற், குறைந்தது 1 அம்பியர். கருவியில் செருக முன் வேறொரு பழைய போனில் சார்ஜரைச் சோதியுங்கள்.

காரில் திடீரென்று சார்ஜ் நின்றால் சார்ஜரின் நுனி மூடியைத் திருகிக் கழற்றுங்கள். பல சார்ஜர்களில் உள்ளே சிறு கண்ணாடி பியூஸ் இருக்கும். அது நல்லதென்றால் காரின் பியூஸ் பெட்டியில் லைட்டருக்கானதைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் சொக்கற்றின் அடித்தகட்டில் புழுதி படிந்திருக்கும், சாவியைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மின்னழுத்தம் விழுந்து எழும். ஸ்டார்ட் செய்த பிறகே வயரைச் செருகுங்கள்.

ஆள்கூறு (அகலக்கோடு, நெடுங்கோடு எண்கள்) அனுப்பினார்கள், அப்படியே போட்டேன். வேறெங்கோ கொண்டுபோய் விட்டது.
(வவுனியா வாசகர்)

எழுதும் முறை மாறிவிட்டது. ஒரே இடத்தை 9 பாகை 24 நிமிடம் என்றும் எழுதலாம், 9.40 பாகை என்றும் எழுதலாம். 60 நிமிடம் ஒரு பாகை, ஆகவே 24ஐ 60ஆல் வகுத்தால் 0.40. வந்த 9, 24 என்பதை நீங்கள் 9.24 என்று தட்டினால் தெற்கே 17 கி.மீ.க்கு மேல் விலகும். நெடுங்கோட்டிலும் அதேபோல 80.40க்குப் பதில் 80.24 போனால் இரண்டும் சேர்ந்து தென்மேற்கே 25 கி.மீ. அளவில் தள்ளிவிடும். கிளிநொச்சி நகருக்குப் போகிறவர் காட்டுப் பக்கம் நிற்பார்.

கருவியின் செட்டிங்ஸில் தசமப் பாகை என்ற முறையைத் தெரிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். கைபேசி வரைபடங்கள் தருவதும் பெரும்பாலும் அதுதான். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் 11 மீற்றர் நுணுக்கம், ஐந்து இருந்தால் ஒரு மீற்றர் அளவு. வீட்டு வாசலுக்கு ஐந்து போதும். வன்னிக்குள் முதல் எண் 8 அல்லது 9இல் தொடங்கும், இரண்டாவது 79 அல்லது 80இல் தொடங்கும். வேறு எண் வந்தால் எங்கோ பிசகு. காணி அளவைப் படத்தில் மீற்றரில் இருக்கும் எண்கள் வேறு முறை, அவற்றை நேரே தட்ட வேண்டாம்.

பெயரால் தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல். புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. போ என்று தட்ட முன் தூரத்தைப் பாருங்கள். ஒருமுறை சரியாகப் போன வீட்டின் வாசலில் நின்று அந்த இடத்தைச் சேமித்துவிட்டால் பிறகு தேடல் தேவையில்லை.

திகதி ஏறத்தாழ இருபது வருடம் பின்னால் காட்டுகிறது.
(செட்டிகுளம் வாசகர்)

ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணி மறுபடி 0இல் தொடங்கும். 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படிச் சுழன்றது. மென்பொருள் புதுப்பிக்காத கருவிகள் அன்றோ அதற்குச் சில காலம் பின்னரோ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் போயின. வழி காட்டுவதற்குப் பெரும்பாலும் இடையூறில்லை. கணினியில் இணைத்து நிறுவனத்தின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த காரிலேயே நவிகேஷன் இருக்கிறது. அதில் இலங்கைப் படம் போட முடியாதா?
(மன்னார் வாசகர்)

அவை ஜப்பான் படத்துக்கென்றே செய்தவை. படக் கார்ட் கழன்றிருந்தால் ஜப்பானிய மொழியில் அதைக் கேட்டபடியே நிற்கும். அதற்குச் செலவழிக்காமல் தனியாக ஒரு கருவியையோ போனையோ பாவியுங்கள்.

உறிஞ்சுப் பிடி அடிக்கடி கழன்று விழுகிறது. பற்றரியும் ஊதியிருக்கிறது.
(பூநகரி வாசகர்)

கிறவல் புழுதி படிந்தால் பிடி நிற்காது. இறப்பர்க் கிண்ணத்தைச் சவர்க்காரமிட்ட இளஞ்சூட்டு நீரில் கழுவி நிழலில் உலரவிட்டு, கண்ணாடியையும் துடைத்து, வெயில் ஏறுமுன் ஒட்டுங்கள். சூடான கண்ணாடியில் ஒட்டினால் உள்ளே காற்று விரிந்து கழன்றுவிடும். பார்வையை மறைக்காத கீழ்மூலையில் வையுங்கள், காற்றுப்பை விரியும் இடத்துக்கு முன்னால் வேண்டாம்.

பற்றரி ஊதியதற்கு வெயில்தான் பெரும்பாலும் காரணம். மூடிய காரின் டாஷ்போட்டில் நண்பகலில் கையே வைக்க முடியாது. 45 பாகை செல்சியசுக்கு மேல் பல கருவிகள் சார்ஜ் ஏற்ற மறுக்கும், லிதியம் பற்றரி அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். இறங்கும்போது கழற்றி எடுத்துப்போங்கள். ஊதியதை இனிச் சார்ஜ் போட வேண்டாம், அமத்தவோ குத்தவோ வேண்டாம்; மொடலுக்குரிய பற்றரியை மாற்றிய பிறகே பாவியுங்கள்.

போன் இருக்கும்போது இது தேவையா?
(முல்லைத்தீவு வாசகர்)

புதிதாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. கையில் இருந்தால் பாவியுங்கள். போனிலும் கைபேசிச் சிக்னல் இல்லாமலே ஜிபிஎஸ் வேலை செய்யும், படம்தான் இணையத்திலிருந்து வரும். ஆகவே வைஃபை உள்ள இடத்தில் கூகுள் மாப்ஸில் வட மாகாணப் பகுதியை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். அது காலாவதியாகும், இடைக்கிடை புதுப்பிக்க வேண்டும். ஓகானிக் மாப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மாப் படத்தை முழுதாகப் போனுக்குள் வைத்திருக்கும். மேலே சொன்ன மண்பாதைக் குறை அவற்றுக்கும் பொருந்தும்.

தனிக் கருவியில் ஒரு வசதியை மட்டும் எல்லோரும் இன்றே பழகிக்கொள்ளுங்கள். நூவித் திரையில் கார்ப் படத்தைத் தொட்டால் நிற்கும் இடத்தின் ஆள்கூறும், படத்தில் குறித்திருந்தால் அருகிலுள்ள ஆஸ்பத்திரியும் வரும். நடுவீதியில் விபத்து நடந்து 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்தால் முதலில் வீதியின் பெயரையும், கடைசியாகக் கடந்த சந்தியையும், எந்தத் திசையில் எத்தனை கி.மீ. என்பதையும் சொல்லுங்கள். பிறகு ஆள்கூறின் இரண்டு எண்களையும் இலக்கம் இலக்கமாக, புள்ளி எங்கே வருகிறது என்பதையும் சேர்த்து வாசித்து, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள்.